சீட் பெல்ட்டை அறுக்கணும், கண்ணாடியை உடைக்கணும்... பட்ஜெட்டில் ரெஸ்க்யூ கத்தி வாங்குவது எப்படி?

தாம்பரம் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு மழைன்னா ஒரு பயம் உண்டு. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. அப்போ நான் காலேஜ் முதல் வருஷம். எங்க தெருவில் நின்ற கார்களின் கூரை மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. நல்லவேளை, அந்தக் கார்களுக்குள் யாரும் இல்லை.

ஆனா, எல்லா நேரமும் அப்படி அமையாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த மழைநீரில் ஒரு கார் மாட்டிக்கொண்டது. அதில் இருந்த பெண் மருத்துவர் உயிரிழந்தார். ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஒரு சப்வே. நம்ம ஊரில் தினமும் ஏறி இறங்கும் அதே மாதிரியான சப்வே.

இந்தச் செய்திகளைப் படிச்சுட்டுத்தான் பலர் ஆன்லைனில் `ரெஸ்க்யூ கத்தி' என்று தேட ஆரம்பிக்கிறார்கள். மடக்குக் கத்தி, கைப்பிடியில் பெல்ட் அறுக்கும் கொக்கி, அடியில் கண்ணாடி உடைக்கும் முனை... மூன்றும் ஒன்றில். விலையும் சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கிறது. பார்த்ததும் கார்ட்டில் போடத் தோணும். நானும் அப்படித்தான் போட்டேன். வந்த கத்தியின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து லேசாக அழுத்தினேன். லாக் விட்டு பிளேடு மடங்கியது. விரல் வழியில் இருந்திருந்தால் தையல் போட வேண்டியிருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் எதைப் பார்த்து வாங்கணும், எதை நம்பக் கூடாதுன்னு உட்கார்ந்து தெரிஞ்சுக்கிட்டேன். அதை இங்கே மொத்தமா கொடுக்கிறேன்.

முதல்ல ஒரு உண்மை... கார்ல உயிரைக் காப்பாத்துறது பிளேடு இல்லை!

ரெஸ்க்யூ கத்தியில் மூன்று பாகங்கள் இருக்கும்.

* பிளேடு: கயிறு, வலை, தார்ப்பாய், துணி அறுக்க.
* பெல்ட் கட்டர்: கொக்கி மாதிரி வளைந்த பள்ளம். உள்ளே மட்டும் சின்ன பிளேடு இருக்கும். விரல் நுழையாது, பெல்ட் நுழையும்.
* கண்ணாடி உடைக்கும் முனை: கைப்பிடியின் அடியில் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும்.

காருக்குள் மாட்டிக்கொண்டால் உங்களுக்குத் தேவைப்படுவது பின்னால் சொன்ன இரண்டும்தான். திறந்த பிளேடை வைத்து, பதற்றத்தில், இருட்டில், பக்கத்தில் குழந்தை இருக்கும்போது, மார்பை ஒட்டிக் கிடக்கும் பெல்ட்டை அறுப்பது ஆபத்து. கொக்கி கட்டரில் அந்தப் பிரச்னை இல்லை. அதனால் விளம்பரப் படத்தில் பிளேடு எவ்வளவு மிரட்டலா இருக்குன்னு பார்க்காதீங்க. கொக்கியையும் முனையையும் பாருங்க.

கயிறு வேலை செய்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். பந்தல் போடுபவர்கள், கிரேனில் லோடு கட்டுபவர்கள், மேடையில் லைட் ஏற்றுபவர்கள், டாடா ஏஸில் தார்ப்பாய் இழுத்துக் கட்டுபவர்கள், கோவளம் பக்கம் படகில் போகிறவர்கள்... இவர்களுக்கு பிளேடுதான் முக்கியம். ஆக, `எனக்கு எதுக்கு?' என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்க.

`பெல்ட்டால மாட்டிக்குவோம்'னு பெல்ட் போடாம இருக்கலாமா?

கூடவே கூடாது. இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு யாராவது அப்படி முடிவெடுத்தால் எல்லாமே வீண். மோதலின்போது உங்களை சீட்டோடு பிடித்துவைத்து, சுயநினைவோடு இருக்க வைப்பதே பெல்ட்தான். நினைவு இருந்தால்தானே வெளியே வர முடியும்? பெரும்பாலான சமயங்களில் பக்கிளின் சிவப்பு பட்டனை அழுத்தினால் பெல்ட் கழன்றுவிடும். கார் கவிழ்ந்து உடல் எடை முழுவதும் பெல்ட்டில் தொங்கும்போதோ, பக்கிள் நசுங்கும்போதோதான் கட்டர் தேவைப்படும்.

`பீப்' சத்தத்தை நிறுத்த போலி கிளிப் மாட்டி வெச்சிருக்கீங்களா? இன்னைக்கே தூக்கிப் போடுங்க. பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் இருக்கு. பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு என்பதை மறந்துடாதீங்க.

எந்தக் கண்ணாடி உடையும்... எது உடையாது?

காரில் இரண்டு வகைக் கண்ணாடி இருக்கிறது.

டெம்பர்ட் கண்ணாடி: சூடாக்கி, சட்டென்று குளிர வைத்துத் தயாரிப்பது. இதன் மேற்பரப்பு இறுக்கப்பட்ட நிலையிலும், உள்பகுதி இழுபட்ட நிலையிலும் இருக்கும். அதனால் உள்ளங்கையால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். ஆனால், கடினமான ஒரு கூர்முனை மேற்பரப்பைத் தாண்டி இறங்கிவிட்டால், மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொட்டிவிடும். பெரும்பாலான கார்களில் பக்கவாட்டு ஜன்னலும் பின்பக்கக் கண்ணாடியும் இந்த வகை.

லேமினேட்டட் கண்ணாடி: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைத்தால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடுமே தவிர, கொட்டாது. முன்பக்க விண்ட்ஷீல்டு இந்த வகை. சில புதிய கார்களில் சத்தம் உள்ளே வராமல் இருக்க பக்கவாட்டு ஜன்னலிலும் இதைப் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் டிரிபிள் ஏ அமைப்பு 2019-ல் கண்ணாடி உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தது. டெம்பர்ட் கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியல் வகையைவிட, உள்ளே ஸ்பிரிங் வைத்து `டப்' என்று முனையைத் தள்ளும் வகை நன்றாக வேலை செய்ததும் அதில் தெரிந்தது.

உங்க கார் எப்படின்னு தெரிஞ்சுக்க ஒரு நிமிஷம் போதும். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியின் மூலையிலும் பொடி எழுத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். அதில் `டெம்பர்ட்' அல்லது `டஃபன்ட்' என்று இருந்தால் உடையும். `லேமினேட்டட்' என்று இருந்தால் உடையாது. எல்லா ஜன்னலையும் பார்த்து, எது உடையும் ஜன்னல் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்க.

இன்னொரு விஷயம், ஃபிலிம். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்தது. அதையும் மீறி ஒட்டினால் போலீஸ் அபராதம் மட்டுமல்ல, டெம்பர்ட் கண்ணாடி உடைந்த பிறகும் துண்டுகளைக் கொட்டவிடாமல் அந்த ஃபிலிம் பிடித்துவைக்கும். முனையால் உடைத்த பிறகு காலால் உதைத்துத் தள்ள வேண்டியிருக்கும். தண்ணிக்குள்ள அந்தச் சில நொடிகள் ரொம்பப் பெருசு.

`சீட் ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டி அந்தக் கம்பியால கண்ணாடியை உடைக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பி இருக்காதீங்க. ஹெட்ரெஸ்ட் அதுக்காகச் செய்யப்பட்டது இல்லை. அந்தக் கம்பியின் முனையும் கூர்மையானது இல்லை. பதற்றத்தில் அதைக் கழட்டவே நேரம் ஓடிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்

1. பெல்ட் கட்டர்: பள்ளத்துக்குள் பெல்ட் சுலபமா நுழையணும். உள்ளே இருக்கும் பிளேடு மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. சில மலிவுக் கத்திகளில் கொக்கி வடிவம் மட்டும் இருக்கும், கூர்மையே இருக்காது. வாங்கியதும் ஒரு பழைய பையின் பட்டையை அறுத்துப் பாருங்க. மாட்டாம, இழுபடாம ஒரே இழுப்பில் அறுபடணும்.

2. கண்ணாடி முனை: டங்ஸ்டன் கார்பைட் அல்லது செராமிக்கா என்று பாருங்க. இரண்டும் கண்ணாடியைவிடக் கடினமானவை. மலிவானவற்றில் வெறும் அலுமினியத்தையே கூம்பாகக் கடைந்து வைத்திருப்பார்கள். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் முனையை அழுத்தி இழுத்துப் பாருங்க. கீறல் விழாமல் வழுக்கினால் அது ஷோ பீஸ்.

3. லாக்: பட்ஜெட் கத்திகளில் அதிகம் வருவது லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று நகர்ந்து வந்து பிளேடின் அடியைத் தாங்கும். தகடு மெல்லிசா இருந்தாலோ, பிளேடின் அடியில் ஓரத்தை மட்டும் தொட்டாலோ நம்பாதீங்க. பேக் லாக்கில் பூட்டு கைப்பிடியின் முதுகுப் பக்கம் இருக்கும். தெரியாமல் விரல் பட்டுத் திறக்கும் வாய்ப்பு குறைவு. எந்த வகையாக இருந்தாலும், விரல்களை பிளேடு மடங்கும் வழியிலிருந்து விலக்கிவிட்டு, பிளேடின் முதுகை மரக்கட்டையில் மெதுவா அழுத்திப் பாருங்க. மடங்கினால் அன்றைக்கே ரிட்டர்ன்.

4. பல்லா, வழவழப்பா: கருக்கருவாள் பார்த்திருக்கீங்களா? அதில் பல் வைத்திருப்பது ஏன்? வழுக்கும் வைக்கோல் தாளைப் பிடித்து அறுக்க. அதே கதைதான் இங்கேயும். நைலான் கயிறு, நனைந்த கயிறு, சீட் பெல்ட் எல்லாவற்றுக்கும் பல் வைத்த பிளேடு வேகமா வேலை செய்யும். கூர் கொஞ்சம் போனாலும் பற்கள் இழுத்து அறுக்கும். ஆனால், அதைச் சாணை பிடிப்பது கஷ்டம். பாதி வழவழப்பு, பாதி பல் இருப்பது பலருக்கும் ஒத்துவரும்.

5. முனை: மீட்பு வேலைக்குக் கூர்முனை எதிரி. முனை மழுங்கி, முதுகு வளைந்து இறங்கும் `ஷீப்ஸ்ஃபூட்' வடிவம் நல்லது. இன்னொருத்தர் உடம்பை ஒட்டி அறுக்கும்போது குத்தாது. காற்றடைத்த படகையும் லைஃப் ஜாக்கெட்டையும் ஓட்டை போடாது.

6. இரும்பு: விளம்பரத்தில் வெறும் `ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் தரம் தெரியாது. 420, 3சிஆர்13 வகைகள் மென்மையானவை, சீக்கிரம் மழுங்கும். ஆனால், சுலபமா சாணை பிடிக்கலாம், துருவும் அவ்வளவா ஏறாது. காரில் சும்மா கிடக்கும் கத்திக்கு இது போதும். தினமும் கயிறு அறுப்பவர்களுக்கு 8சிஆர்13எம்ஓவி அல்லது 440சி நல்லது. கூர் அதிக நாள் நிற்கும்.

7. கைப்பிடியும் நிறமும்: ஈரக் கையில் அலுமினியம் வழுக்கும். சொரசொரப்பான ஜி10 அல்லது நைலான் கைப்பிடி பாருங்க. நிறம்? ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. கறுப்புக் கத்தி கால்மிதி மேல விழுந்தால் டார்ச் அடித்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே கையால் திறக்க முடியுதான்னும் பாருங்க. விபத்தில் இன்னொரு கை மாட்டியிருக்கலாம்.

எவ்வளவு செலவு பண்ணலாம்?

காருக்கு மட்டும்தான் என்றால், கத்தியே வேண்டாம் என்பதுதான் என் பதில். பெல்ட் கட்டரும் ஸ்பிரிங் முனையும் சேர்ந்த சாவிக்கொத்து சைஸ் கருவி கிடைக்கிறது. பிளேடு திறக்க வேண்டிய வேலை இல்லை, லாக் பற்றிய கவலை இல்லை, குழந்தை கையில் எடுத்தாலும் கத்தி அளவுக்குப் பயம் இல்லை. அதையும் வாங்கியதும் சோதித்துவிடுங்க.

கார், கயிறு இரண்டுக்கும் வேண்டும் என்றால், மேலே சொன்ன 7 விஷயங்களில் பெல்ட் கட்டர், முனை, லாக் மூன்றும் தேறுகிற மடக்குக் கத்தி போதும். பிராண்ட் பெயரைவிடச் சோதனை முக்கியம். விக்டோரினாக்ஸின் ரெஸ்க்யூ டூல் மாதிரி மேல்தட்டுக் கருவிகளும் உண்டு. அதில் விண்ட்ஷீல்டையே அறுக்கும் ரம்பம் இருக்கிறது. ஆனால், விலை பல ஆயிரங்கள். அந்தப் பணத்தில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கி, மிச்சப் பணத்தில் டயரையும் மாற்றலாம்.

நான் என்ன பண்ணினேன்? புதுப்பேட்டையில் பழைய சீட் பெல்ட் பட்டை ஒன்று வாங்கி வந்து வீட்டு கேட்டில் கட்டி அறுத்துப் பார்த்தேன். வழவழப்பான பிளேடு மூன்று நான்கு தடவை முன்னும் பின்னும் போனது. பல் வைத்த பிளேடு இரண்டு இழுப்பில் அறுத்தது. கொக்கி கட்டர் ஒரே இழுப்பு. பெல்ட்டைத் தளர்வா விட்டால் மூன்றுமே தடுமாறின. இதில்தான் அடுத்த பாடம் இருக்கு.

பெல்ட்டை எப்படி அறுப்பது?

* முதலில் பக்கிள் பட்டனை அழுத்திப் பாருங்க. கழன்றால் கட்டரே தேவையில்லை.
* அறுக்க வேண்டுமென்றால் ஒரு கையால் பெல்ட்டை விறைப்பா இழுத்துப் பிடியுங்க. கட்டரை நேராக இல்லாமல், கொஞ்சம் சாய்த்து வைத்து சட்டென்று இழுங்க.
* தோளில் வருவது ஒன்று, இடுப்பில் போவது ஒன்று. இரண்டு இடத்தில் அறுக்க வேண்டியிருக்கலாம்.
* கதவை ஒட்டிய தூணுக்குள் கட்டரை நுழைக்காதீங்க. சில கார்களில் அங்கே ஏர்பேக் பாகங்கள் இருக்கும். பெல்ட்டை மட்டும் அறுங்க.
* கார் தலைகீழா கிடந்தால், அறுக்கும் முன் ஒரு கையைக் கூரையில் ஊன்றுங்க. இல்லைன்னா அறுந்ததும் தலை குப்புற விழுவீங்க. கழுத்துக்கு அது நல்லதில்லை.

கார் தண்ணியில் இறங்கிட்டா?

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், கார்களைத் தண்ணீரில் இறக்கி வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். அவர் சொல்லும் வரிசை நாலே வார்த்தை: பெல்ட், ஜன்னல், குழந்தை, வெளியே. முதலில் பெல்ட்டைக் கழட்டு. ஜன்னலை இறக்கு அல்லது உடை. குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பு, பெரியவனை முன்னாலும் சின்னவனைக் கையோடும். பிறகு நீ வெளியே போ.

எல்லாம் சுமார் ஒரு நிமிடத்துக்குள். தண்ணியில் விழுந்த கார் உடனே மூழ்காது, கொஞ்ச நேரம் மிதக்கும். அந்த நேரம்தான் உங்க சொத்து. அதை போன் பண்ணி வீணாக்காதீங்க, வெளியே வந்து பண்ணலாம். கதவைத் தள்ளி நேரத்தைப் போக்காதீங்க. ஒரு சதுர மீட்டர் கதவு அதன் மேல் விளிம்பு வரை தண்ணியில் இருந்து, உள்ளே காற்று இருந்தால், வெளியிலிருந்து அதை அழுத்தும் விசை சுமார் 500 கிலோ எடைக்குச் சமம். அதனால் ஜன்னல். பவர் விண்டோ தண்ணி பட்டதும் உடனே நின்றுவிடும் என்று நினைக்காதீங்க. முதல் சில நொடிகளில் பட்டனை அழுத்தினால் இறங்க வாய்ப்பு இருக்கிறது. இறங்காவிட்டால் உடைக்க வேண்டியதுதான்.

உடைக்கும்போது கண்ணாடியின் நடுவில் இல்லாமல் மூலைக்குப் பக்கத்தில் அடியுங்க. முகத்தைத் திருப்பிக்கோங்க. தண்ணிக்குள் கையை ஓங்கி வீச முடியாது, தண்ணியே வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே சுத்தியலைவிட ஸ்பிரிங் முனை கைகொடுக்கும். கண்ணாடியில் வைத்து அழுத்தினால் போதும்.

இதெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. ஆனா, இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு. தண்ணி நிக்கிற சப்வேயில் இறங்காம யு-டர்ன் அடிக்கிறது. முன்னாடி போன பஸ் தாண்டிருச்சேன்னு உங்க ஹேட்ச்பேக்கை இறக்காதீங்க. பஸ்ஸோட உயரம் வேற, உங்க காரோட உயரம் வேற.

கயிறு வேலைக்குக் கத்தி வாங்குறீங்களா?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். தாம்பரம், வண்டலூர் பக்கமெல்லாம் மரங்கள் சாய்ந்து ரோடே தெரியாமல் கிடந்தது. மரங்களை அப்புறப்படுத்த ரம்பமும் கயிறும்தான் கைகொடுத்தன. கயிற்றோடு வேலை செய்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

* விறைப்பா நிற்கும் கயிற்றை அறுக்க பலம் தேவையில்லை. கத்தி லேசாகப் பட்டாலே போதும், படாரென்று அறுந்துவிடும். அதனால் நீங்க தொங்கிக்கொண்டிருக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் திறந்த கத்தியைக் கொண்டு போகவே கூடாது.
* நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். இழுபட்ட நிலையில் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீங்க. முடிந்தவரை முதலில் லோடை இறக்கிவிட்டு அறுங்க.
* உயரத்தில் வேலை என்றால் கத்தியைக் கைப்பிடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கோங்க. கீழே நிற்பவர் தலையில் விழக் கூடாது.
* இரும்பு ரோப்பை எந்த மடக்குக் கத்தியும் அறுக்காது. அதற்குத் தனி கட்டர்.
* இறுகிய முடிச்சை அவிழ்க்க ஊசி மாதிரி ஒரு கம்பி வைத்த கத்திகளும் உண்டு. படகுக்காரர்களுக்கு இது உதவும். ஒவ்வொரு முறையும் கயிற்றை அறுத்தால் கயிறு எங்கே மிஞ்சும்?
* கடலோரம் என்றால் உப்புக் காற்று ஸ்டெயின்லெஸ்ஸையும் விடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, மடியும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க.

கத்தி வெச்சிருந்தா போலீஸ் பிடிக்குமா?

நியாயமான கேள்வி. ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உள்ள விதிகளில், 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான பிளேடு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. 3 அங்குல ரெஸ்க்யூ கத்தி இந்த அளவுக்குள் வராது.

ஆனா, சட்டத்தில் அளவு குறைவு என்பதால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. ராத்திரி வாகனச் சோதனையில் இடுப்பில் செருகிய கறுப்புக் கத்திக்கு விளக்கம் சொல்வது கஷ்டம். பட்டனைத் தட்டினால் பட்டென்று பாயும் கத்திகள் பக்கமே போகாதீங்க. சண்டைக்கத்தி மாதிரி இருப்பதையும் தவிருங்க. காரில் வையுங்க, கருவிப் பெட்டியில் வையுங்க, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தியேட்டருக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகாதீங்க. மீனம்பாக்கம் ஏர்போர்ட் போகிறீர்களா? கேபின் பையில் கத்திக்கு அனுமதி இல்லை. முந்தின நாள் ராத்திரியே பையைப் பாருங்க.

அடுத்தவங்க காரில் மாட்டியிருந்தா?

ஜி.எஸ்.டி ரோட்டில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது நடக்கலாம். உங்க கருவி உங்களுக்கு இல்லாமல் இன்னொருத்தருக்கு உதவலாம். முதலில் 108-க்கு போன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. புகை, தீ, தண்ணி இல்லாவிட்டால் பெல்ட்டை அறுத்து ஆளை இழுக்காதீங்க. முதுகுத்தண்டில் அடி இருந்தால் அந்த இழுப்பே பாதிப்பை அதிகமாக்கும். பேச்சுக் கொடுத்து, தலையை அசைக்கவிடாமல் பார்த்துக்கோங்க. தீயோ தண்ணியோ இருந்தால் கணக்கு வேறு, உடனே அறுத்து வெளியே எடுங்க.

`உதவி பண்ணி கேஸ்ல மாட்டிக்குவோமோ' என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழகத்தில் `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. 2021 டிசம்பரில் இது தொடங்கப்பட்டதும் இதே ஜி.எஸ்.டி ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான்.

எங்கே வைப்பது?

இதுதான் எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி. டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் வெச்சிருக்கும் ரெஸ்க்யூ கத்தியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. க்ளவ் பாக்ஸும் சரியான இடம் இல்லை. பெல்ட் லாக் ஆகிவிட்டால் டிரைவர் கை அங்கே எட்டாது. கார் உருண்டால் உள்ளே இருப்பதெல்லாம் எங்கேயோ போய்விடும். டேஷ்போர்டில் சும்மா வைத்தால் மோதலில் அதுவே பறந்து வந்து அடிக்கும்.

டிரைவர் பெல்ட்டோடு உட்கார்ந்து, இரண்டு கையாலும் எட்டும் இடம் பாருங்க. சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலின் பக்கவாட்டில் வெல்க்ரோவால் இறுக்கமா ஒட்டலாம். பின் சீட்டில் அம்மா, அப்பா, குழந்தைகள் உட்காருவாங்கன்னா, அங்கே இன்னொண்ணு. குழந்தை கைக்கு எட்டும் இடம் என்றால் பிளேடு இல்லாத சின்னக் கருவி மட்டும்.

வைத்த பிறகு ஒரு விளையாட்டு. காரை நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணி, பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணை மூடுங்க. கருவியைத் தொடுங்க. முதலில் வலது கையால், அப்புறம் இடது கையால். ஐந்து நொடிக்குள் கை போகலைன்னா இடத்தை மாற்றுங்க. வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை செய்ய வையுங்க. எங்க வீட்டில் இதில் முதல் ஆளா ஜெயிச்சது எங்க அம்மாதான். நான் வைத்த இடம் சரியில்லைன்னு மாற்றச் சொன்னதும் அவங்கதான்.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வடகிழக்கு பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அன்றைக்கு ஐந்து நிமிஷம் எடுத்து, இந்தச் சின்னக் கருவியையும் வெளியே எடுங்க. துரு இருக்கா? கொக்கி பட்டையை அறுக்குதா? லாக் நிக்குதா? வெல்க்ரோ வெயிலில் காய்ந்து பிய்ந்திருக்கா? எல்லாம் பார்த்து, எண்ணெய் விட்டு, அதுக்கும் ஒரு பொட்டு வைத்து, அதே இடத்தில் திருப்பி ஒட்டுங்க.

அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதைத் தொட வேண்டிய தேவையே வராமல் இருந்தால், அதுதான் நல்ல ரெஸ்க்யூ கத்தி!